தலையணை உறையில் ஐந்து பாட்டு

அத்தான் போய்ச் சேர்ந்த மறுநாள் செய்தித்தாளில், ஒரே பக்கத்தில், அவருக்கு இரண்டு அஞ்சலி விளம்பரங்கள் வந்தன. ஒன்று ஹால் முதலாளி கொடுத்தது. இன்னொன்று கேன்டீன் முதலாளி கொடுத்தது. ஒரு தியேட்டர், ஒரு ஆபரேட்டர், இரண்டு கூட்டாளிகள். துக்கத்தைக்கூடத் தனித்தனியாகத்தான் தெரிவிப்பார்கள். ஒரு படத்தில் அத்தான் இடது பக்கம் பார்த்தார், மற்றதில் வலது பக்கம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீட்டில் சிரிக்கிறாளே என்று அக்கா முறைத்தாள். பிறகு பேப்பரைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள்.

வாசகம் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்: ‘யாருக்கும் முடியாது என்று சொல்லாத மனிதர்.’ கலந்து பேசி எழுதியிருக்க வாய்ப்பில்லை, பேச்சுவார்த்தை இருந்தால்தானே. இருவருக்கும் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது, இருவரும் தனித்தனியாகப் பொய் சொல்லியிருக்கிறார்கள். அத்தான் ஒரு தடவை சொன்னார். அந்த இரண்டு பேரின் முகத்துக்கு நேரேதான் சொன்னார். நிரம்பி வழிந்த ஹால் முழுக்க அதைக் கேட்டது. இரண்டு பெரிய மனிதர்களுக்கும் அது சௌகரியமாக மறந்துபோயிருக்கிறது. எனக்கு மறக்கவில்லை.

நான் அந்தத் தியேட்டரில் டிக்கெட் கொடுக்கிறவள். அத்தான் என் அக்காவின் வீட்டுக்காரர், மாடி அறையில் படம் ஓட்டுகிறவர். அவருடைய பெயரை வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே எல்லோரும் மறந்துவிட்டார்கள். அவர் ‘சரிங்க’. யார் எதைக் கேட்டாலும் அதுதான் பதில், அதனால் அதுவே பெயர். முடி வெட்டுகிறவர் “மீசையையும் எடுத்துடட்டுமா?” என்றால் சரிங்க. எடுத்துக்கொண்டு வந்து, ஒரு மாதம் மூக்குக்குக் கீழே கையை வைத்துக்கொண்டு பேசுவார். குடை விற்கிற ஆள் தெருமுனையில் இவரைக் கண்டால் மூட்டையை இறக்கிவிடுவான். மூன்று பேர் இருந்த எங்கள் வீட்டில் ஏழு குடை கிடந்தது.

கல்யாணமே அப்படித்தான் நடந்தது. எங்கள் அப்பா போய், “என் பொண்ணைக் கட்டிக்கிறீங்களா தம்பி?” என்று கேட்டதற்குச் சரிங்க என்றார். அதே வாரம் வேறொரு வீட்டில் கேட்ட அதே கேள்விக்கும் அதே பதிலைச் சொல்லி வைத்திருந்தது, பத்திரிகை அச்சுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அப்பா அந்த வீட்டுக்குப் போய்க் கையைப் பிடித்து, காலைப் பிடித்து, ஒருவழியாக முடித்துவிட்டு வந்தார். “அவங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?” என்று அக்கா கல்யாணத்துக்குப் பிறகு கேட்டாள். “அவங்க மனசு கஷ்டப்படுமே” என்றாராம். “அப்ப என் மனசு?” என்றாள் அக்கா. அத்தான் யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசித்துக்கொண்டே இருந்தார்.

இதில் வயிற்றெரிச்சலான விஷயம் என்னவென்றால், ஊருக்கெல்லாம் சரிங்க சொன்ன மனிதர் அக்காவுக்கு மட்டும் அதைச் சொன்னதில்லை. அவள் கேட்டால் “பார்க்கலாம்” என்பார். குழாயில் வாஷர் போடணும், பார்க்கலாம். சமையலறைக்கு ஒரு ஜன்னல் வைக்கணும்; பார்க்கலாம். முதலாளி மாடிக்கு ஏறி வந்து, “ஏம்ப்பா, உன் வீட்டு ஜன்னல் எதுக்கு?” என்றால் சரிங்க, எதுக்குங்க. இப்படி ஊரார் எல்லோருக்கும் சொன்ன சரியெல்லாம் கடைசியில் அக்காவின் தலையில் வந்து விடியும்.

வீடு வேலையோடு வந்தது. தியேட்டரின் திரைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், அதற்குப் பின்னால் பலகைச் சுவர், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு அறையும் ஒரு அடுப்பு மேடையும். என் புருஷன் கோபித்துக்கொண்டு போனவர் திரும்பி வராததால் (நானும் விளம்பரம் கொடுத்துத் தேடவில்லை) இரண்டாவது அறை எனக்கு. சத்தம் வெளியே வருவதற்காகத் திரையில் ஊசி ஊசியாய் ஓட்டை போட்டிருப்பார்கள். பலகைக் கதவைத் திறந்தால் பின்பக்கத்திலிருந்து படம் தெரியும், ஆனால் இடம் வலமாக. அக்காவுக்குத் தெரிந்த கதாநாயகர்கள் எல்லோரும் இடதுகைக்காரர்கள். எழுத்தெல்லாம் திரும்பி இருக்கும். “வீட்டுக்குள்ளேயே ஓடுது, எழுந்து போய் வேற பார்க்கணுமாக்கும்” என்று ஒரு படத்தைக்கூட அவள் முன்பக்கம் வந்து பார்த்ததில்லை. ஸ்பீக்கர் அதிரும்போது அலமாரியில் தட்டும் அதிரும். அவளுக்கு அது பழகிப்போய், தட்டு அதிராவிட்டால்தான் எழுந்து பார்ப்பாள். அவள் கட்டிக் காத்த வீடு அது. அவளுக்கென்று இருந்ததும் அது ஒன்றுதான்.

இனி அந்த இரண்டு மகான்கள். ஒரு காலத்தில் ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டவர்கள். ஒருவர் தொந்தி வைத்தவர், சாப்பிட்டால் தூங்கிவிடுவார். இன்னொருவர் ஒல்லி, தூங்கினாலும் ஒரு கண்ணால்தான் தூங்குவார். சேர்ந்து தியேட்டரை வாங்கினார்கள், சேர்ந்து ஓட்டினார்கள். அவர்களைப் பிரித்தது ஒரு சினிமாப் படம்.

பழைய பாட்டுப் படம், சிரிப்புப் படம். அதற்கு ஒரு நல்ல பெயர் உண்டு, ஆனால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அது ‘மெத்தைக்கடைப் படம்’. தூங்குமூஞ்சி ஒருவனும் கஞ்சன் ஒருவனும் கூட்டாக மெத்தைக் கடை வைத்திருக்கிறார்கள். இருவருக்கும் சண்டை வந்து, கடைக்கு நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கடைசியில் விற்காமல் கிடந்த பெரிய மெத்தை ஒன்றை ஆளுக்குப் பாதியாக அறுக்கிறார்கள். அறுத்துக்கொண்டே ஒரு பாட்டு. பஞ்சு பறக்கிறது, கடையே காலியாகிறது. பிறகு புத்தி வந்து, அதே மெத்தையை ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தைத்துக்கொண்டே ஒரு பாட்டு. கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். முற்றும். நடுவில் இரண்டு காதல் பாட்டும் குழந்தைகள் பாட்டு ஒன்றும் இருக்கும்.

முதல் தடவை அந்தப் படம் வந்தபோது இரண்டு முதலாளிகளும் பால்கனியில் அடுத்தடுத்து உட்கார்ந்து பார்த்தார்கள். தூங்குமூஞ்சி வந்ததும் ஒல்லி முதலாளி தொடையைத் தட்டிச் சிரித்து, “டேய், இது அசல் நீதான்டா” என்றார். கஞ்சன் வந்ததும் தொந்தி முதலாளி அதே மாதிரி சிரித்து அதையே சொன்னார். இடைவேளையில் கேன்டீனில் நின்ற சனங்களும் அதையே சொல்லிச் சிரித்தார்கள். அவ்வளவுதான். படம் முடிந்து ஆளுக்கொரு வாசல் வழியாக இறங்கினார்கள். மெத்தைக்கடைக்காரர்களாவது கடைசிப் பாட்டில் சேர்ந்துகொண்டார்கள். இவர்களுக்கு அந்தக் கடைசிப் பாட்டு வரவே இல்லை.

ஒல்லி டிக்கெட்டையும் ஹாலையும் எடுத்துக்கொண்டு ஹால் முதலாளி ஆனார். தொந்தி டீ, பன், சோடாவையும் சைக்கிள் நிறுத்துமிடத்தையும் எடுத்துக்கொண்டு கேன்டீன் முதலாளி ஆனார். ஆபீஸ் அறையில் ஒரே மேஜைதான், ராத்திரிக் கணக்குப் பார்க்க இரண்டு பேரும் ஆளுக்கொரு கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவார்கள். இரண்டு கடிகாரம். ஹால் முதலாளியின் கடிகாரம் முன்னால் ஓடும், கேன்டீன் முதலாளியின் கடிகாரம் பின்னால் இழுக்கும். அத்தான் இரண்டையும் பார்த்து நடுவில் ஷோவைத் தொடங்குவார், அது சரியான நேரமாக இருக்கும். ஒருவரிடம் ஒருவர் சொல்ல வேண்டியதை அத்தானிடம் சொல்வார்கள். “அந்தாளுகிட்டச் சொல்லு, கக்கூஸ் நாறுதுன்னு.” சரிங்க. “அவர்கிட்டச் சொல்லு, மூக்கைப் பிடிச்சுக்கச் சொல்லி.” சரிங்க.

சண்டையை மூட்டிய அந்தப் படத்தை, இரண்டு பேரும் ஆளுக்கொரு வீம்பில், ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் திரும்பக் கொண்டுவருவார்கள். அதில் கேலி செய்யப்படுவது மற்றவன்தான் என்று இருவருக்கும் நம்பிக்கை.

பாட்டில்தான் பிரச்சினை. பாட்டு தொடங்கினால் பாதி ஆம்பிளைகள் எழுந்து டீ குடிக்கப் போவார்கள். அதனால் கேன்டீன் முதலாளிக்கு ஐந்து பாட்டும் முழுசாக வேண்டும். பாட்டை எடுத்துவிட்டால் ஒரு நாளைக்கு ஒரு ஷோ கூடுதலாக ஓட்டலாம். அதனால் ஹால் முதலாளிக்கு ஒரு பாட்டும் கூடாது. “ஏம்ப்பா, அஞ்சு பாட்டையும் வெட்டிடு.” சரிங்க. “ஏம்ப்பா, ஒரு பாட்டுல கை வச்ச, கையை ஒடிச்சிடுவேன்.” சரிங்க.

அத்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். ஹால் முதலாளி காலையில் வந்து மத்தியானம் போய்விட்டால், ராத்திரிக் கணக்குக்குத்தான் திரும்புவார். கேன்டீன் முதலாளி மத்தியானத் தூக்கம் கலைந்த பிறகுதான் வருவார். எனவே காலை ஷோவில் பாட்டு இல்லை, மாலையில் ஐந்தும் உண்டு. தினமும் ஃபிலிமை பிளேடால் வெட்டுவார், தினமும் பசை தடவி ஒட்டுவார். ஒவ்வொரு ஒட்டுக்கும் துளித் துளியாய்ப் படம் குறையும். மூன்றாவது வாரத்தில் கதாநாயகி கையைத் தூக்கத் தொடங்குவாள், கை இறங்கியிருக்கும். யாரும் கவலைப்படவில்லை.

வெட்டின பாட்டை மாடியில் வைத்தால் ஹால் முதலாளி கண்ணில் படும். அதனால் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். தட்டு அகலத்துக்கு ஐந்து சுருள். ஒவ்வொன்றையும் ஒரு தலையணை உறையில் போட்டு, பரணில் அடுக்குவார். ரோஜாப்பூ போட்ட உறை சண்டைப் பாட்டு. நீலக்கோடு போட்ட உறை சமாதானப் பாட்டு. மஞ்சள், பச்சை, கிழிந்த வெள்ளை மற்ற மூன்றும். “மேலே எழுதி ஒட்டிடுங்களேன் அத்தான்” என்று நான் சொன்னேன். “உறைதான் இருக்கே” என்றார். எங்களுக்குத் தலைக்கு வைக்க உறை இல்லாமல் நாங்கள் பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு படுத்தோம். அக்கா புது உறை கேட்டாள். பார்க்கலாம் என்றார்.

மாடி அறையில் இன்னொரு சனியன் இருந்தது, ஒரு மைக். வண்டி விளக்கு எரிகிறது, பிள்ளையைக் காணோம் என்றெல்லாம் சொல்வதற்கு. அதன் சுவிட்சைப் போட்டால் போட்டதுதான், அணைக்க வேண்டுமென்றால் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி கொடுக்க வேண்டும். ஒருமுறை அடிக்க மறந்துபோய், சோகக் கட்டம் முழுக்க அத்தான் காதைக் குடைந்துகொண்டு முனகியது ஸ்பீக்கரில் வந்தது. சனங்கள் அதையும் சோகம் என்று நினைத்து அழுதார்கள்.

இப்படியே பன்னிரண்டு வருஷம் ஓடியது. பிறகு ஒரு கோடையில், மெத்தைக்கடைப் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தியேட்டரை விற்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. சிமென்ட் கோடவுன் போடுவதற்கு ஒருவர் கேட்டிருந்தார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு முதலாளிகளும் வக்கீல் மூலமாக ஒத்துப்போனார்கள். கூரை ஒழுகும், பால்கனிப் பலகையைக் கரையான் தின்றுகொண்டிருக்கும். அதெல்லாம் தெரியாமல் இருக்க மேலே கீழே பளபளவென்று பெயின்ட் அடித்தார்கள்.

அன்று அக்கா அத்தானை உட்காரவைத்துச் சொன்னாள். “இங்க பாருங்க, உங்களை நான் இதுவரைக்கும் பெருசா எதுவும் கேட்டதில்ல. போய் அவங்ககிட்டச் சொல்லுங்க. முன்னாடி என்ன வேணா இடிச்சுக்கட்டும். பின்னாடி இந்த ரெண்டு ரூமை விட்டுக் கொடுத்துட்டு விக்கட்டும். இல்லன்னா முடியாதுன்னு சொல்லுங்க.”

“பார்க்கலாம்” என்றார் அத்தான்.

போனார். அவர் வாயைத் திறப்பதற்குள் ஹால் முதலாளி, “ஏம்ப்பா, மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடுவேல்ல?” என்றார். சரிங்க. படி இறங்கும்போது கேன்டீன் முதலாளி, “அதுக்கு முன்னாடியே பண்ணிடு, பெயின்ட் அடிக்கணும்” என்றார். சரிங்க.

திரும்பி வந்து அதை அப்படியே சொன்னார். அக்கா திட்டியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். அவள் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கித் தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். எனக்கு அத்தானை அங்கேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்டேன். “ஆம்பிளையா அத்தான் நீங்க? ஒரு சொல்லு, அது வாயில வராதா?” என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, “வருது. இங்க வரைக்கும் வருது” என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஷோவுக்கு அந்த சிமென்ட்காரர் வருவதாக ஏற்பாடு. ஹால் எப்படி நிரம்புகிறது என்று காட்ட ஹால் முதலாளி மத்தியானம் வீட்டுக்குப் போகாமல் இருக்கிறார். கேன்டீனில் எப்படிக் கூட்டம் சேர்கிறது என்று காட்ட கேன்டீன் முதலாளி தூக்கத்தைக்கூட விட்டு வருகிறார். பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாக ஒரே ஷோவில் இரண்டு பேரும். “அந்தாளு சீக்கிரம் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடணும், பாட்டே கூடாது” என்று ஒருவர். “பாட்டு இல்லன்னா டீக்கு எவன் வருவான், அஞ்சும் வேணும்” என்று ஒருவர். இரண்டு பேருக்கும் சரிங்க.

அந்த ஒரு ஷோவுக்கு இரண்டு சரியும் பொருந்தாதே என்பது மாடிக்குப் போன பிறகுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. ஓடி வந்தார். காதல் பாட்டு இரண்டையும் குழந்தைகள் பாட்டையும் விட்டுவிட்டு, கதைக்கு அவசியம் என்று ரோஜாப்பூவையும் நீலக்கோட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினார். பாதிப் பாட்டு போட்டால் ஆளுக்குப் பாதி திருப்தி என்பது அவர் கணக்கு.

அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. சிமென்ட்காரர் வீட்டையும் வந்து பார்ப்பார் என்று கேள்விப்பட்டு, “போற வீடானாலும் அழுக்கா காட்ட மாட்டேன்” என்று அக்கா அன்று காலையில் எல்லாத் துணியையும் துவைத்துப் போட்டிருந்தாள். தலையணை உறைகளையும்தான். சுருள்களை உருவித் தரையில் வைத்து, உறைகள் காய்ந்ததும், கைக்கு வந்ததைக் கைக்கு வந்த உறையில் போட்டுவிட்டாள். அவளுக்கு அது ஃபிலிம், அவ்வளவுதான். அவசரத்தில் அத்தான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாராம், சரியாகத்தான் இருந்ததாம். இரண்டு பாட்டிலும் இரண்டு மீசைக்காரர்கள், ஒரு மெத்தை. அறுக்கிறார்களா தைக்கிறார்களா என்பது ஓடினால்தான் தெரியும்.

நான் டிக்கெட் கொடுத்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து அக்காவோடு உட்கார்ந்து பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தேன். இடைவேளை தாண்டி, சண்டை முற்றிய கட்டம் வந்தது. மெத்தைக்கடைக்காரர்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு கத்தியைத் தேடினார்கள். அடுத்த நொடி திடீரென்று ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, கண்ணீர் வழிய, மெத்தையைத் தைத்துப் பாடத் தொடங்கினார்கள். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். “இது கடைசிப் பாட்டாச்சே” என்றாள். கதவைத் திறந்து திரையின் பின்பக்கத்தைப் பார்த்தோம். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அடுத்த காட்சியில் மெத்தை இரண்டாகக் கிடந்தது, இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஹாலில் விசில் பறந்தது.

கடைசியில் இன்னும் மோசம். இருவரும் மனம் திருந்தி, மன்னிப்புக் கேட்டு, கை கொடுத்துக்கொண்டார்கள். கை கொடுத்த கையோடு கத்தியை எடுத்து, மெத்தையை அறுத்து, பஞ்சைப் பறக்கவிட்டு, வாய்க்கு வந்தபடி திட்டிப் பாடினார்கள். முற்றும். ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது.

அப்போதுதான் எங்களுக்கு எதிரே ஸ்பீக்கர் கரகரத்தது. “பார்க்க வந்தவங்க மன்னிக்கணும், ஒரு சின்னத் தப்பு நடந்து...” என்று அத்தானின் குரல். அதற்குள் மாடி அறைக் கதவு படாரென்று திறக்கிற சத்தம். பால்கனியின் இரண்டு கோடியிலிருந்தும் இரண்டு முதலாளிகளும் கிளம்பி, அந்தக் குறுகலான படியில் ஒன்றாக முட்டிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். அத்தான் சுவிட்சை அடிக்கவில்லை.

“என்னய்யா ஓட்டுற? பாட்டே கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?” என்றார் ஹால் முதலாளி, ஆள் உயர ஸ்பீக்கரில்.

“அஞ்சும் வேணும்னு சொன்னேன். மூணு எங்கடா?” என்றார் கேன்டீன் முதலாளி.

பிறகு ஹால் முதலாளி, அத்தானிடம் இல்லை, நேராகக் கேன்டீன் முதலாளியிடமே கேட்டார். “இவன்கிட்ட நீ யாரு சொல்றதுக்கு? படம் என் பொறுப்பு.”

“பொறுப்பாம் பொறுப்பு. பால்கனிப் பலகையைக் கரையான் தின்னுட்டு இருக்கே, அதுவும் உன் பொறுப்புதானே?”

“மெதுவா பேசுடா. வாங்க வந்தவன் அதுமேலதான் உக்காந்திருக்கான்.”

“கூரை ஒழுகறதைச் சொல்லிட்டியா அவன்கிட்ட?”

“நான் ஏன் சொல்றேன்? அதுக்குத்தானே பெயின்ட் அடிச்சது. என் யோசனை.”

“உன் யோசனையா? வக்கீல்கிட்ட அதைச் சொன்னதே நான்தான்டா.”

ஹால் இருட்டில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டது. படம் இன்னும் இருக்கிறது என்று சில பேர் நினைத்திருக்கிறார்கள், ஒருவரும் எழவில்லை. சிமென்ட்காரர் மட்டும் எழுந்து, பால்கனிப் பலகையில் நுனிக்காலால் நடந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போனதாக டார்ச் அடிக்கிறவர் பிறகு சொன்னார். எனக்கும் அக்காவுக்கும் சிரிப்பை அடக்க வாயில் துணியை வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்புறம் இருவரும் அத்தான் பக்கம் திரும்பினார்கள். “எல்லாம் இவனால. இன்னியோட வேலையை விட்டுப் போ” என்றார் ஒருவர். “ஆமா, வீட்டையும் இன்னிக்கே காலி பண்ணு” என்றார் மற்றவர். பன்னிரண்டு வருஷத்தில் வக்கீல் இல்லாமல் அவர்கள் ஒரே பேச்சுப் பேசியது அது ஒன்றுதான்.

அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. ஹாலிலும் சத்தம் அடங்கியது. பாதிப் பேருக்கு அத்தானைத் தெரியும், பதிலும் தெரியும். அக்கா தகரப் பெட்டியின் மூடியை எடுத்து மூடப் போனாள்.

“முடியாதுங்க” என்றது ஸ்பீக்கர்.

“என்னது?”

“முடியாதுங்க. இனிமே பாட்டை வெட்ட முடியாது. வீட்டையும் காலி பண்ண முடியாது.” குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. “உங்க ரெண்டு பேருக்கும் நான் சொன்ன சரியெல்லாம் அவ தலையிலதாங்க விடிஞ்சுது. சமையக்கட்டுல ஒரு ஜன்னல் கேட்டா. எதுக்குன்னு நீங்க கேட்டதும், உங்க மனசு கஷ்டப்படுமேன்னு விட்டுட்டேன். எல்லார் மனசையும் பார்த்தேன். அவ மனசை ஒரு நாளும் கேக்கல. அந்த ரெண்டு ரூமைத் தவிர நான் அவளுக்கு ஒண்ணும் குடுக்கல, அதையும் பிடுங்கிக் குடுன்னா முடியாது. இப்ப வெளிய போங்க. அடுத்த ஷோவுக்கு ரீல் சுத்தணும்.”

ஹால் எழுந்து நின்று கைதட்டியது. காலால் தரையை உதைத்தது. மாடியில் அத்தான், படம் கெட்டுப்போனதற்காகக் காசைத் திருப்பிக் கேட்டு உடைக்கிறார்கள் என்று பயந்து, முதலாளிகளை வெளியே தள்ளிக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். மைக்கை அவர் கவனிக்கவே இல்லை. தாழ் விழுந்த அதிர்ச்சியில் அதுவாக அணைந்தது.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிமென்ட்காரர் திரும்பி வரவில்லை. முதலாளிகள் இருவரும் மாலைக்குள் பழையபடி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அத்தானை வேலையை விட்டு எடுக்க இரண்டு கையெழுத்து வேண்டும். ஒருவர் பெயருக்குக் கீழே இன்னொருவர் போட மாட்டார். அதனால் அவர் சாகும்வரை அங்கேயே வேலை பார்த்தார், நாங்கள் இப்போதும் அங்கேதான் இருக்கிறோம், ஜன்னலோடு. ‘சேர்ந்த பிறகு சண்டை போடுகிற படம்’ வேண்டுமென்று சனங்கள் கேட்டதால், ஐந்து பாட்டையும் அந்தத் தப்பான வரிசையிலேயே நிரந்தரமாக ஒட்டினார். அடுத்த வாரம் அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக முன்பக்கம் போய் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். “எல்லாம் இடம் மாறி இருக்கு, உங்க அத்தானுக்கு ஒழுங்கா ஓட்டத் தெரியல” என்று திரும்பி வந்தாள்.

அன்றைய சாயங்காலத்துக்கு வருகிறேன். ஷோவுக்கும் ஷோவுக்கும் நடுவில் அத்தான் டீ குடிக்க வீட்டுக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. வாசலிலேயே நின்றார். உள்ளே அக்கா தகரப் பெட்டியிலிருந்து தட்டுகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஒரு தப்புப் பண்ணிட்டேன்” என்றார்.

“என்ன பண்ணினீங்க?”

“முதலாளிங்ககிட்டக் கொஞ்சம் கடுமையா பேசிட்டேன். வேலை போனாலும் போயிருக்கும்.”

“என்ன பேசினீங்க?”

“ஏதோ பேசினேன்.”

“அதைத்தான் கேக்கறேன்.”

அத்தான் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். “முடியாதுன்னு சொல்லிட்டேன்” என்றார், தனக்கே கேட்காத மாதிரி.

“கேக்கல” என்றாள் அக்கா. அவள் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றி முடிந்த பிறகும் ஆற்றிக்கொண்டே இருந்தாள். அவள் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

“முடியாதுன்னேன்.”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி, டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். “இன்னொரு தடவை சொல்லுங்க.”

“எத்தனை தடவை சொல்றது?”

“நான் போதும்னு சொல்ற வரைக்கும்.”

அத்தான் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். பார்க்கலாம் என்று சொல்லப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

“சரிங்க” என்றார்.